நலம், நலமறிய ஆவல்

கடிதம் எழுதப் பழகிய தலைமுறையினர் முதலில் கற்றுக்கொண்ட வாசகம் ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதாகும். எழுதுகிறவர் காய்ச்சலில் கிடந்தாலும், வாசலில் கடன்காரர் வந்து நின்றாலும் அந்த முதல் வரி மாறாது. படிக்கிறவரும் அதனை மரபாகவே கொண்டு அடுத்த பத்திக்குக் கண்ணை ஓட்டுவார். அங்கே ‘நிற்க’ என்றொரு சொல் வரும். அதற்குப் பிறகுதான் உண்மை மெல்லத் தலைகாட்டும்: மழை பொய்த்தது, மாடு இறந்தது, தங்கைக்கு வந்த வரன் தட்டிப்போனது, இந்த ஆண்டும் ஊருக்கு வர இயலாது.

இன்று கடிதம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அலைபேசியின் திரையில் முகம் காட்டிப் பேசுகிறான். அவன் உடுத்தியிருக்கும் சட்டையின் நிறம்கூடத் தெரிகிறது. ஆயினும் இந்தப் பேச்சில் ‘நிற்க’ என்ற சொல்லுக்கு இடமில்லாமற் போயிற்று. முதல் வரியில் தொடங்கி முதல் வரியிலேயே முடிந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் நிலைமை இதுதான். எனினும் கிறிஸ்து பிறப்பு விழா இரவில் இது ஓர் அறச்சிக்கலாகவே நம்முன் எழுகிறது. அதனைச் சற்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

குமரி மாவட்டத்தில் வளைகுடா நாடுகளோடு தொடர்பில்லாத பங்கு ஒன்றைக் காண்பது அரிது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்து, அந்நாடுகளில் கட்டுமானப் பணிகள் பெருகியபோது, உள்நாட்டு ஊர்களிலிருந்து கொத்தனாரும் தச்சரும் ஓட்டுநரும் புறப்பட்டனர்; செவிலியராகப் பெண்களும் சென்றனர். கடற்கரையிலிருந்து போனவர்கள் அங்கும் கடலுக்கே போயினர். சவூதி அரேபியா, பஹ்ரைன், கத்தார், ஈரான் ஆகிய நாடுகளின் படகுகளில் நம் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள் வலை இழுக்கிறார்கள். பிறந்த கடல் அரபிக்கடல். பிழைக்கும் கடலும் அதன் தொடர்ச்சியே. நடுவில் ஒரு விசா இருக்கிறது, அவ்வளவுதான்.

டிசம்பர் 24ஆம் நாள் நள்ளிரவில் நம் ஆலயங்களில் வானவர் கீதம் முழங்க, குழந்தை இயேசுவின் திருவுருவம் குடிலில் வைக்கப்படும்போது ரியாத்திலும் குவைத்திலும் தோகாவிலும் இரவு ஒன்பதரை மணி. மறுநாள் அங்கே விடுமுறை இல்லை. எல்லா இடமும் ஒன்றுபோல் இருப்பதாகவும் கூற இயலாது. துபாயில் புனித மரியா ஆலயம் உண்டு, அங்குத் தமிழ்த் திருப்பலியும் உண்டு. பஹ்ரைனின் மனாமா நகரில் 1939இல் கட்டப்பட்ட திரு இருதய ஆலயம் உள்ளது. கத்தாரில் 2008இல் முதல் ஆலயம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவிலோ ஆலயமே இல்லை. பிற சமயத்தாரின் பொது வழிபாட்டுக்கு அங்கே அனுமதி கிடையாது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் நான்கைந்து பேர் செபமாலை சொல்வதே அங்கு விழா. அன்றிரவு படகில் இருக்கிறவனுக்கு அதுவும் இல்லை.

ஊரிலிருந்து அழைப்பு போகிறது.

“சாப்பிட்டியா மக்களே?”

“சாப்பிட்டேம்மா. இங்க எல்லாரும் சேந்து பிரியாணி வச்சோம்.”

“பூசைக்குப் போனியா?”

“போனேன். அப்பாவுக்குக் கால்வலி எப்படி இருக்கு?”

“கொறஞ்சுபோச்சு. நீ ஒண்ணும் யோசிக்காத மக்களே.”

இது ஏதேனும் ஒரு வீட்டின் கதையன்று. பல வீடுகளில் நிகழ்வதன் சாரம். பிரியாணி வைக்கவில்லை. பூசைக்குப் போகவில்லை. கால்வலியும் குறையவில்லை. (பிரியாணி என்று ஏன் சொல்ல வேண்டும் என்று நாம் வியந்ததுண்டு. விழாக் காலையில் நம் வீடுகளில் ஆப்பமும் இறைச்சிக் கறியும்தானே! ஆப்பம் என்று சொன்னால் தேங்காய் எங்கே கிடைத்தது, மாவை யார் ஆட்டியது, நன்றாகப் புளித்ததா என்று தாய் அடுக்கடுக்காகக் கேட்பாள். பிரியாணியைப் பற்றி அவளுக்குக் கேள்விகள் குறைவு.)

இவ்வகைப் பேச்சைப் பொய் என்று கூற நமக்கு நா எழவில்லை. பெற்றவளின் விழாவைக் கெடுக்கலாகாது என்று மகன் எண்ணுகிறான். தொலைவில் இருக்கும் பிள்ளையின் மனத்தை வருத்தலாகாது என்று தாய் எண்ணுகிறாள். இரு பக்கமும் அன்பே பேசுகிறது. ஆயினும் நம் மறைவல்லுநர்கள் இவ்விடத்தில் நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு இளகவில்லை. புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றியே இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று 395ஆம் ஆண்டையும் மற்றது 420ஆம் ஆண்டையும் ஒட்டியவை. இரண்டாம் நூலில் ஒரு நோயாளியைக் காட்டுகிறார். சாகும் தறுவாயில் இருக்கும் அம்மனிதரின் ஒரே மகன் இறந்துவிட்டான். அச்செய்தி அவருக்குத் தெரியாது. என் மகன் உயிரோடு இருக்கிறானா என்று அவர் கேட்கிறார். உண்மையைச் சொன்னால் அதுவே அவர் உயிரைக் குடித்துவிடக்கூடும். என்ன விடை தருவது? இந்த நிலையை எண்ணித் தம் உள்ளமும் கலங்குவதாக அகுஸ்தீனார் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் பொய் சொல்லலாம் என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை.

நம் வள்ளுவப் பெருந்தகையின் தீர்ப்பு வேறு. வாய்மை அதிகாரத்தில் அவர், குற்றமற்ற நன்மையை விளைவிக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கது என்ற கருத்தை நிறுவுகிறார். தமிழராகிய நாம் எளிதில் வள்ளுவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். சாய்கிற வேகத்தில், ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையை மறந்தும் விடுகிறோம். நன்மை விளைந்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. அந்த நன்மையில் யாருக்கும் எந்தக் கேடும் கலந்திருக்கக் கூடாது என்கிறார்.

புனித தோமா அக்குவினாவும் ஏறத்தாழ இந்தக் கோட்டருகே வந்து நிற்பது நமக்கு வியப்பளிக்கிறது. அவர் பொய்யை மூவகையாகப் பகுக்கிறார்: கேடு செய்யும் பொய், விளையாட்டுப் பொய், உதவும் பொய். பிறர்க்குத் தீங்கின்றி ஒருவருக்கு நன்மை தேடிச் சொல்லப்படும் மூன்றாம் வகையும் பாவமே. ஆயின் அது சாவான பாவம் அன்று என்பது அவர் முடிவு. வளைகுடாவில் இருக்கும் நம் பிள்ளை சொல்வது இம்மூன்றாம் வகை என்றே எவரும் கருதுவர். நாமும் முதலில் அவ்வாறே கருதினோம். ஒப்புரவு அருள்சாதனத்தில் எந்த மகனும் இதனைப் பாவமாக அறிக்கையிட்டிருப்பான் என்றும் தோன்றவில்லை.

ஒருவர் கேட்கலாம்: தாய் உண்மையாகவே ஏமாறுகிறாளா? பத்து மாதம் சுமந்தவளுக்கு மகனின் குரல் தழுதழுப்பது தெரியாதா? திரையில் அவன் முகத்துக்குப் பின்னே தெரியும் இரண்டடுக்குக் கட்டிலும், கயிற்றில் தொங்கும் ஈரத்துணியும் கண்ணில் படாமலா போகும்? அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஏமாற்றும் எண்ணமும் ஏமாறுவோரும் இல்லாத இடத்தில் பொய் ஏது? இது பழைய கடிதத்தின் முதல் வரி போன்ற ஒரு மரபு மட்டுமே என்று வாதிடலாம். வலுவான வாதம்தான். தொலைபேசியின் இரு முனையிலும் இருவர் மட்டுமே இருந்தால் நாமும் அதனை ஏற்று, இக்கட்டுரையை இங்கேயே முடித்திருப்போம்.

ஆனால் அந்தத் தாயைச் சுற்றி வேறு சிலரும் நிற்கிறார்கள். பதினேழு, பதினெட்டு வயதுத் தம்பி நிற்கிறான். அடுத்த வீட்டுப் பையன் கதவோரம் நின்று கேட்கிறான். விழாவுக்கு வந்திருக்கும் மைத்துனர், திண்ணையில் இருந்தபடியே காதைக் கொடுக்கிறார். அண்ணனின் சொல்லுக்கு அடியில் இருக்கும் மௌனத்தைப் படிக்கும் பயிற்சி இவர்களுக்கு இல்லை. பிரியாணி அவர்களுக்குப் பிரியாணிதான். கண்முன்னே புதிய கான்கிரீட் வீடு நிற்கிறது. வாசலில் பெரிய நட்சத்திரம் மின்னுகிறது. முன்பு வந்த பெட்டியில் இருந்த கோடாரித் தைலமும் வாசனைச் சோப்பும் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. இவற்றோடு அண்ணனின் ‘சுகந்தான்’ என்ற சொல்லையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கிறான் அந்தத் தம்பி. தை பிறந்ததும் தாயின் தாலிச்சங்கிலியை அடகு வைத்து ஏஜென்டிடம் பணம் கட்டப்படுகிறது.

இவ்வாறு பார்க்கும்போது, தாயைக் காக்கச் சொன்ன சொல் தம்பியைக் காக்கத் தவறிவிடுகிறது. அக்குவினா சொன்ன ‘பிறர்க்குத் தீங்கின்றி’ என்ற வரம்பும், வள்ளுவர் இட்ட நிபந்தனையும் இங்கே மீறப்படுகின்றன. அதற்கு மேலும் ஒன்று உண்டு. அங்கே எல்லாம் வசதி என்று நம்பும் வீடு, அந்த நம்பிக்கைக்கு ஏற்பவே செலவும் செய்யத் தொடங்குகிறது. திருமணத்தில் கேட்கப்படும் பவுன் ஏறுகிறது. குடிலும் விளக்கும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகின்றன. ஊருக்குத் திரும்ப எண்ணியவன், இன்னும் இரண்டு ஆண்டு என்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறான். தான் சொன்ன நற்செய்தியே அவனைத் திரும்ப விடாமல் பிடித்து வைக்கிறது.

வீட்டுப் பக்கத்தின் மறைப்பும் இதற்குக் குறைந்ததன்று. தந்தை மருத்துவமனையில் இருப்பதை மகனுக்குச் சொல்லுவதில்லை. பிள்ளை பள்ளியில் தோற்றது சொல்லப்படுவதில்லை. மனைவி தனியே சுமக்கும் கடனைச் சொல்லுவதில்லை. ‘அவன் அங்கேயிருந்து என்ன செய்வான்?’ என்பது பெரியோர் கூறும் காரணம். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உண்மையை அறியும் உரிமை இல்லாதவருக்கு அதனை வெளிப்படுத்தும் கடமை எவருக்கும் இல்லை என்று கற்பிக்கிறது. அறிவார்ந்த போதனை. வம்பு கேட்கும் அண்டை வீட்டாருக்கு நாம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தன் தந்தையின் உடல்நிலையை அறிய மகனுக்கு உரிமை இல்லை என்று யார் கூறத் துணிவார்? நல்லெண்ணத்தாலேயே அவனைக் குடும்பத்தின் உறுப்பினன் என்ற நிலையிலிருந்து பணம் அனுப்புகிறவன் என்ற நிலைக்கு இறக்கிவிடுகிறோம். மாதம் தவறாமல் பணம் வருகிறது. அவன் வருத்தப்படுவதற்கான உரிமை மட்டும் அவனுக்கு மறுக்கப்படுகிறது.

உண்மை வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனா நோய் ஈரானில் பரவியபோது, கிஷ் தீவு, அசலூயே முதலிய இடங்களில் மீன்பிடித் தொழிலில் இருந்த தமிழக மீனவர் பலர் சிக்கிக்கொண்டனர். அவர்களில் குமரி மாவட்டத்தார் மிகுதி. படகிலும் நெருக்கமான அறையிலும் இருந்தபடி, உணவும் நீரும் போதவில்லை, ஊர் திரும்ப உதவுங்கள் என்று அலைபேசியில் பதிவுசெய்து அனுப்பினார்கள். முந்திய டிசம்பரில் ‘சுகந்தான்’ என்று சொன்ன அதே குரல்கள்தாம் அவை. இம்முறை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. செய்தி பரவியது, மனுக்கள் போயின, 2020 ஜூலை 1ஆம் நாள் கடற்படையின் ஜலஷ்வா கப்பல், ஈரானிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தது. கொள்ளைநோய் வந்துதான் அந்த உண்மையைப் பேச வைக்க வேண்டியிருந்தது என்பதே நம் வருத்தம்.

மறையுரைகளில் வழக்கமாகக் கேட்கும் ஆறுதல் ஒன்று உண்டு. திருக்குடும்பமும் சொந்த ஊரில் விழாக் கொண்டாடவில்லை. பெத்லகேமில் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. பின்னர் எகிப்துக்கும் ஓட நேர்ந்தது என்பர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் வெளியிட்ட திருமடல், எகிப்தில் அகதியாய் வாழ்ந்த நாசரேத்துக் குடும்பத்தை எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்டியது. அதனை நாம் வணங்கி ஏற்கிறோம். ஆயினும் அந்த ஒப்புமையை வளைகுடாவுக்கு அப்படியே கொண்டுபோவதில் ஒரு தடை இருக்கிறது. யோசேப்பு தம் துணைவியையும் குழந்தையையும் உடன் அழைத்துக்கொண்டே எகிப்துக்குப் போனார். தொழுவத்தில் வசதிதான் இல்லை. வர வேண்டியவர் எவரும் வராமல் இல்லை. நம் வீடுகளிலோ தரையில் பளிங்கு பதித்திருக்கிறது, விளக்குக்குக் குறைவில்லை, யோசேப்பின் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. இந்த வேறுபாட்டை மறைத்து ஆறுதல் சொல்வதும் மகன் சொல்லும் பிரியாணியும் ஒரே இனம் என்று நாம் கருதுகிறோம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், புலம்பெயர்தலைச் சில நிலைகளில் தவிர்க்க முடியாத தீமை என்றே சொல்லத் தயங்கவில்லை. அதில் இருக்கும் நேர்மை நமக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் விழா இரவில் மகன் அழுது புலம்ப வேண்டுமா என்று கேட்பர். புலம்பலுக்கும் மறைப்புக்கும் நடுவே இடம் இருக்கிறது என்பதற்கு நம் மண்ணோடு பிணைந்த இருவரின் வரலாறே சான்று. முதலாமவர் புனித தேவசகாயம். அவர் நீலகண்டராக அரசுப் பணியில் இருந்தபோது வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் நேர்ந்து, வாட்டத்தோடு காணப்பட்டார். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் உயர்ந்த பதவி பெற்ற டிலனாய் அவரிடம் காரணம் கேட்டார் என்றும், உள்ளதை அவர் சொன்னபோது யோபுவின் வரலாற்றை டிலனாய் எடுத்துரைத்தார் என்றும் மரபு கூறுகிறது. டிலனாய் யார்? தாய்நாட்டைக் கடல் கடந்து விட்டுவந்து, இம்மண்ணிலேயே பல ஆண்டுகள் கிறிஸ்து பிறப்பு விழாக் கண்டு, 1777இல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானவர். அயலூரில் வாழ்ந்த அவரிடம் உள்ளூர்க்காரர் தம் துயரைத் திறந்தார். ‘சுகந்தான், ஒன்றுமில்லை’ என்று அன்று நீலகண்டர் விடை தந்திருந்தால் அந்த உரையாடல் அங்கேயே நின்றிருக்கும். 1745இல் வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றதும், 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்ததும், 2022இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டதும் அந்த ஒளிவற்ற விடையிலிருந்தே கிளைத்தன.

மற்றவர் புனித சவேரியார். 1544ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் கடற்கரை ஊர்களில் நடந்து, ஒரே மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் மடலில் எழுதியவர். ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் வந்து சேர ஆண்டுகள் ஆகும். 1546இல் அம்போய்னாத் தீவிலிருந்து அவர் எழுதிய மடலில், தோழர்கள் தம் கையால் எழுதியிருந்த பெயர்களைக் கடிதங்களிலிருந்து வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாகக் குறிப்பிடுகிறார். இஞ்ஞாசியாரின் கடிதத்தைக் கண்ணீரோடு படித்ததாகவும் பிற்காலத்தில் எழுதினார். தாம் நலம் என்று காட்டிக்கொள்ளும் தேவை அவருக்கு எழவில்லை. தனிமையைச் சொன்னார், களைப்பைச் சொன்னார், அதே மூச்சில் மகிழ்ச்சியையும் சொன்னார். 1552 டிசம்பர் 3இல், விழாவுக்கு 22 நாள் இருக்கையில், சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில் இறந்தார். அந்த நாளுக்குத்தான் நம் மாவட்டம் ஆண்டுதோறும் விடுமுறை விட்டுக் கோட்டாற்றில் கூடுகிறது.

அவர் பெயர்களைச் சுமந்தார் என்ற செய்தி நம் மனத்தில் ஓர் எண்ணத்தை எழுப்பியது. நள்ளிரவுத் திருப்பலியின் மன்றாட்டில் ‘வெளிநாடுகளில் வாழும் எம் சகோதர சகோதரிகளுக்காக’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக, பங்கிலிருந்து சென்றிருப்போர் ஒவ்வொருவரின் பெயரையும், இருக்கும் இடத்தையும், செய்யும் வேலையையும் சேர்த்து வாசித்தால் என்ன? சிலர் விரும்பமாட்டார்கள் என்பதை அறிவோம். ‘கம்பெனியில் இருக்கிறான்’ என்று ஊருக்குச் சொல்லிவைத்த வீட்டார், ‘படகில் சமையல் வேலை’ என்று பீடத்தருகே வாசிக்கப்படுவதை எப்படித் தாங்குவார்கள்? பெயரும் ஊரும் மட்டும் போதும் என்பார்கள். முதல் ஆண்டில் அதற்கும் இசைந்துவிடலாம்.

எப்படியாயினும் பட்டியல் எழுத வேண்டுமானால் வீட்டார் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும்: எந்த ஊர், என்ன வேலை, ஓர் அறையில் எத்தனை பேர், கடைசியாகச் சம்பளம் வந்தது எந்த மாதம். அவனுக்கும் சொல்லியாக வேண்டும்: அப்பாவின் காலுக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்று. விழா இரவில், வெடிச் சத்தத்துக்கு நடுவே இதெல்லாம் பேசி முடியாது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே தொடங்கலாம். நான்கு வாரம் இருக்கிறது.